அணைத்தால் மறக்கும் கருவி: மும்பையில் பழைய சாம்ப்ளர் கீபோர்டுகளும் இசைத்தொழிலாளர் வரலாறும்

இந்திய நகரங்கள் பலவற்றில் ‘கேசியோ’ என்பது ஒரு நிறுவனத்தின் பெயராக அன்றி ஒரு கருவியின் பெயராகவே வழங்கிவந்திருக்கிறது. தாராவியின் கோயில் விழாவிலும் செம்பூரின் திருமண மண்டபத்திலும் யமஹாவாயினும் ரோலண்டாயினும், கறுப்பு வெள்ளைக் கட்டைகளோடு மின்சாரத்தில் இயங்கும் எதுவும் பேச்சில் கேசியோதான். வசதியான பொதுப்பெயர். ஆயினும் இசைத்தொழிலின் வரலாற்றை எழுத முற்படுவோருக்கு இப்பெயர் ஒரு தடை. தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் மூன்று வேறு இயந்திரங்களை அது ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுகிறது.

முதலாவது சிந்தசைசர். மின்னலைகளைக் கொண்டு ஒலியைத் தானே உருவாக்குவது. இரண்டாவது, தொழிற்சாலையிலேயே பதிந்து அழியா நினைவகத்தில் வைக்கப்பட்ட ஒலிகளை மட்டும் எழுப்புவது. இன்று மேடைகளில் காணப்படும் கீபோர்டுகளில் பெரும்பாலானவை இவ்வகையின. மூன்றாவது சாம்ப்ளர். இதற்கெனச் சொந்த ஒலி ஏதும் கிடையாது. ஒலிவாங்கியின் வழியாகவோ ஒலிநாடாவிலிருந்தோ கொடுக்கப்படும் எந்த ஒலியையும் எண்களாக மாற்றித் தன் நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு, அதனைக் கட்டைகளின் வழியே வெவ்வேறு சுருதிகளில் திருப்பித் தருவது. நாகசுரத்தின் ஒரு சுரம், கதவு சாத்தும் ஓசை, ஒருவரது இருமல் எனச் சாம்ப்ளருக்கு எல்லாம் ஒன்றே.

1980களின் சாம்ப்ளர்களுக்கு மற்றொரு குணமும் உண்டு. மின்சாரத்தை நிறுத்தினால் ஏற்றிய ஒலி அத்தனையும் மறைந்துபோகும். ஒலியைப் பாதுகாக்க வேண்டுமாயின் ஃபிளாப்பி வட்டில் எழுதி வைக்க வேண்டும். ஆகவே ஒரு சாம்ப்ளர் கைமாறும்போது உண்மையில் கைமாறுவது இரண்டு பொருள்கள்: வெறுமையான ஓர் இயந்திரம், அதனுடன் வரும் ஒரு பெட்டி வட்டுகள். இயந்திரத்தின் வரலாற்றை நிறுவன வெளியீடுகளிலிருந்து எழுதிவிடலாம். அந்த வட்டுப் பெட்டியின் வரலாற்றை எழுதுவதுதான் கடினம். அதிலுள்ள வயலின் யாருடையது? அந்தத் தாளத்தை வாசித்தவர் யார்? ஒரு முறை வாசித்ததற்குக் கூலி பெற்றவர், அவ்வொலி ஆயிரம் முறை ஒலித்தபோது எங்கிருந்தார்? மும்பையைப் போல இக்கேள்விகள் கூர்மையாக எழும் இந்திய நகரங்கள் அதிகமில்லை.

அந்நகரத்தின் திரையிசை, ஏறத்தாழ அரை நூற்றாண்டு, மனிதர்கள் திரண்டு வாசித்த இசை. கிரிகரி பூத் 2008 இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் வழியாக வெளியிட்ட ‘பிஹைண்ட் த கர்ட்டன்’ என்னும் நூல், இக்கலைஞர்களிடமே நேரில் கேட்டுத் தொகுத்த வாய்மொழி வரலாறு. கோவாவின் கிறித்தவர், பார்சிகள், மராத்தியர், வங்காளியர், வட இந்தியக் கருவிக் கலைஞர்கள் எனப் பலதரப்பட்டோர் தார்தேவின் ஃபிலிம் சென்டர், மகாலட்சுமியின் ஃபேமஸ், பாந்த்ராவின் மெஹபூப் முதலிய அரங்குகளில் ஒரே வேளையில் அமர்ந்து வாசித்தனர். லக்ஷ்மிகாந்த் - பியாரேலால் இரட்டையரின் பதிவுகளில் வயலின் வரிசை மட்டுமே ஒரு சிறு ஊர்க்கூட்டம் அளவுக்கு இருந்தது. இவ்வளவு பேரை அமர்த்தியது ஆடம்பரத்திற்காக மட்டுமன்று. வாத்தியம் ஒவ்வொன்றையும் தனித்தனியே பதிந்து பின்னர் சேர்க்கும் வசதி பரவாத காலத்தில், நிறைந்த ஒலி வேண்டுமெனில் அத்தனை பேரும் உடனிருந்தாக வேண்டும்.

மின்னிசைக் கருவிகள் இவ்வமைப்புக்குள் எதிரியாக நுழையவில்லை. அவற்றைக் கொண்டுவந்தவர்களும் அதே இசைக்குழுவின் உறுப்பினர்களே. ‘ஆராதனா’ (1969) படத்தின் புகழ்பெற்ற பாடலொன்றில் அக்கார்டியன் வாசித்த கெர்சி லார்டு, மினிமூக் சிந்தசைசரைப் பம்பாய்த் திரையிசைக்கு அறிமுகப்படுத்தியவர்களுள் முதன்மையானவர். கிடார்க் கலைஞராகத் திரைப்பட அரங்குகளில் பணிபுரிந்த சரண்ஜித் சிங், ரோலண்ட் நிறுவனத்தின் ஜூபிடர்-8, டிபி-303 ஆகியவற்றைச் சிங்கப்பூரில் வாங்கினார். அவற்றோடு டிஆர்-808 தாள இயந்திரத்தையும் கொண்டு 1982 இல் பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவுசெய்தார். கிராமஃபோன் கம்பெனி ஆஃப் இந்தியா வெளியிட்ட அவ்விசைத்தட்டு அன்று கவனிப்பாரற்றுப் போயிற்று. பழைய இசைத்தட்டுகளைத் தேடி இந்தியாவில் அலைந்த எடோ பௌமன் என்னும் டச்சுக்காரரின் கையில் அது அகப்பட்டு, 2010 இல் மறுவெளியீடு கண்ட பின்னரே உலகம் அதைக் கேட்டது.

சிங்கப்பூர் என்ற பெயர் இங்குத் தற்செயலாக வரவில்லை. 1991 க்கு முந்தைய இறக்குமதிக் கட்டுப்பாடுகளின் காலத்தில், ஜப்பானிய இசைக்கருவி ஒன்று கடையில் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும் பண்டமன்று. கச்சேரிப் பயணம் சென்றவரோ வளைகுடாவில் வேலைபார்த்த உறவினரோ சுமந்து வந்தால்தான் உண்டு. இதனால் இந்நகரத்தில் மின்னிசைக் கருவிகளின் வாழ்வு தொடக்கத்திலிருந்தே கைமாற்றத்தின் வாழ்வாக இருந்தது. வாடகையும் அதன் ஒரு வடிவமே. சென்னையிலும் நிலைமை ஒன்றுதான்: இசையமைப்பாளர் ஆர். கே. சேகர் 1976 இல் மறைந்தபின், அவர் விட்டுச்சென்ற கருவிகளை வாடகைக்கு விட்டே அவர் குடும்பம் வாழ்ந்தது என்பது அவர் மகன் ஏ. ஆர். ரஹ்மானின் வாழ்க்கைக் குறிப்புகள் அனைத்திலும் இடம்பெறும் செய்தி.

சாம்ப்ளரின் கதை 1979 இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், பீட்டர் வோகல், கிம் ரைரி இருவரும் உருவாக்கிய ஃபேர்லைட் சிஎம்ஐ என்னும் இயந்திரத்தோடு தொடங்குகிறது. 1981 இல் அமெரிக்காவின் ஈ-மியூ நிறுவனம் எமுலேட்டரை வெளியிட்டது. இரண்டும் பெரும் பணக்காரக் கலைஞர்களுக்கும் அரங்குகளுக்கும் மட்டுமே எட்டுபவை. விலை உடைந்தது, பென்சில்வேனியாவின் என்சோனிக் நிறுவனம் 1980களின் நடுவில் வெளியிட்ட மிராஜ் கீபோர்டோடு. 61 கட்டைகள், ஒரே நேரத்தில் எட்டுக் குரல்கள், 8-பிட் ஒலி, விலை 1,700 டாலருக்குச் சற்றுக் குறைவு. அந்நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான பாப் யானஸ், கொமடோர் 64 வீட்டுக் கணினியின் ஒலிச்சில்லை வடிவமைத்தவர். அக்கணினியின் சிக்கனம் மிராஜிலும் தெரியும். அதன் முகப்பில் இரண்டே இரண்டு எழுத்துகள் ஒளிரும். அவையும் பதினாறின் அடிமான எண்கள். ஒலியைத் திருத்த வேண்டியவர் கணக்கு வாத்தியாராகவும் இருந்தாக வேண்டும்.

அதன் நினைவகத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. கட்டைகளின் இடப்பாதிக்கு 64 கிலோபைட், வலப்பாதிக்கு 64 கிலோபைட். வினாடிக்கு 30,000 மாதிரிகள் வீதம் பதிந்தால் ஒரு பாதிக்குக் கிடைப்பது இரண்டு வினாடிக்குச் சற்றே மிகுதியான ஒலி. 1980களின் நடுவில் கேசியோ வெளியிட்ட எஸ்கே-1 என்னும் குழந்தைகள் கருவியில் இது 1.4 வினாடி. 1987 இல் அதே நிறுவனம் வெளியிட்ட எஃப்இசட்-1 16-பிட் தரத்தில் ஒரு மெகாபைட் நினைவகத்தோடு வந்தது. அதிலும் உயர்தரத்தில் பதிந்தால் பதினான்கு வினாடிகளுக்குச் சற்று மேல் போகாது.

இரண்டு வினாடியில் எதைப் பதிவது? மேற்கத்திய பியானோவின் ஒரு சுரத்தையோ முரசின் ஓர் அடியையோ பதிவதில் பெரிய சிக்கலில்லை. இந்திய இசையின் ஒலிகளிடம் வந்ததும் இயந்திரம் தடுமாறியது. காரணம் அதன் இயங்குமுறையிலேயே இருக்கிறது. பதிந்த ஒலியை ஒரு ஸ்தாயி மேலே எழுப்ப வேண்டுமானால் இயந்திரம் அதனை இருமடங்கு வேகத்தில் ஓட்டுகிறது. சுருதி உயரும், உடன் கால அளவு பாதியாகக் குறையும், குரலின் குணமும் திரிந்து பொம்மைப் பேச்சுப்போலாகும். வீணையின் காந்தாரத்தை அதற்குரிய அசைவோடு பதிந்து, அதை நான்கு கட்டை தள்ளி அழுத்தினால், அந்த அசைவும் சேர்ந்து விரைவுபடும். கமகம் சுரத்தின் மேல் பூசிய அலங்காரமாக இருந்தால் இது பொறுத்துக்கொள்ளத்தக்க குறை. கர்நாடக இசையில் கமகமே சுரத்தின் வடிவம். ஓர் இராகத்தின் காந்தாரம் மற்றோர் இராகத்துக்கு ஆகாது.

ஈண்டு ஒரு முரணைச் சுட்டலாம். தமிழிசையுலகம் சுருதியின் அளவையே ‘ஒரு கட்டை’, ‘நாலு கட்டை’, ‘ஐந்தரைக் கட்டை’ என்று சொல்கிறது. இது ஆர்மோனியத்தின் கட்டைகளை எண்ணிப் பிறந்த வழக்கு. வந்தேறிக் கருவியொன்று அளவுகோலாகவே மொழிக்குள் குடிபுகுந்துவிட்டது. அதே ஆர்மோனியத்தை, நெகிழாத சுரங்களைக் கொண்டது என்ற காரணத்தால், 1940 இல் அகில இந்திய வானொலி விலக்கி வைத்தது. 1971 இல்தான் கதவு சிறிது திறந்தது. சாம்ப்ளர் மீது பின்னாளில் எழுந்த இசைவாணர்களின் அதிருப்தி இந்த நெடிய வழக்கின் தொடர்ச்சியாகவே பார்க்கத்தக்கது.

ஆனால் நெகிழ்வு தேவைப்படாத ஓரிடம் கர்நாடக மேடையிலும் இருந்தது. அது தம்புரா. மாட்டுங்காவின் சபாக்களும், 1952 இல் தொடங்கப்பெற்று 1963 இல் தனக்கெனப் பேரரங்கம் கண்ட சண்முகானந்த சபாவும் தென்னிந்தியக் குடியேறிகளின் செவிக்குப் பெருமையோடு காத்துவந்த மேடைகளில், இயந்திரம் முதலில் நுழைந்தது பாடகரின் முதுகுக்குப் பின்னால்தான். பெங்களூருவின் பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் 1979 இல் மின்னணுத் தம்புராவை உருவாக்கினார். தொடக்கத்தில் மின்சுற்றால் எழுப்பப்பட்ட ஒலியே இவ்வகைக் கருவிகளில் இருந்தது; பின்னர் நினைவகச் சில்லுகள் மலிந்தபோது உண்மையான தம்புராவின் பதிவு இடம்பெற்றது. இப்பிந்தைய பெட்டி, கட்டைகளற்ற ஒரு சாம்ப்ளரே. ஆர்மோனியத்தை எதிர்த்த அதே அழகியல் இதனை எவ்விதக் கொந்தளிப்புமின்றி ஏற்றுக்கொண்டது. தம்புரா மீட்டி அமர்ந்திருந்த சீடரின் இடம் மேடையிலிருந்து மெல்ல மறைந்ததைப் பற்றிப் புலம்பல் எழாதது, எவருடைய உழைப்பு ‘கலை’ எனக் கணக்கில் வருகிறது என்பதற்கு ஒரு சிறு சான்று.

திரையிசையில் மாற்றம் தெற்கிலிருந்து வந்தது. 1986 இல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா யமஹா சிஎக்ஸ்5எம் இசைக்கணினியைப் பயன்படுத்தினார். அப்போது அவர் குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த இளைஞர்தான் பின்னாளைய ரஹ்மான். அக்கணினி சாம்ப்ளரன்று, ஆயினும் வாசிப்பவரின் கையிலிருந்து வாசிப்பைப் பிரித்து நிரலாக எழுதிவைக்கலாம் என்பதை அது தமிழ்த் திரையிசைக்குக் காட்டியது. ஒலியையும் நிரலையும் சேர்த்துப் பிடித்த தலைமுறை 1992 இன் ‘ரோஜா’வோடு வெளிப்பட்டது. 1995 இல் ‘ரங்கீலா’ வெளிவந்தபோது அவ்வேலைமுறை பம்பாயின் இந்தித் திரையுலகிலும் அளவுகோலாயிற்று. பூத் தம் நூலில் பழைய திரையிசை உலகின் முடிவை 1990களின் நடுப்பகுதியில் வைப்பது பொருத்தமே. ஒருவர் ஓர் அறையில் அமர்ந்து, ஒலிமாதிரிகளை அடுக்கி, தேவைப்பட்ட இடத்தில் மட்டும் ஓரிரு கலைஞரை அழைத்துப் பதிந்துகொள்ளும் முறை வந்தபின், நூறு பேர் அமரும் அரங்கிற்கு வேலையில்லாமல் போயிற்று.

இதனை ‘இயந்திரம் மனிதனை விழுங்கிய கதை’ என்று சுருக்கிவிடுவது எளிது, ஆனால் தவறு. பதிவுத்தடங்கள் பெருகியதும், அரங்குகள் சுருங்கியதும், கேசட் சந்தை மலிவான பதிவுகளைக் கோரியதும் சேர்ந்து நிகழ்த்திய மாற்றம் அது. பீட்டர் மேனுவல் 1993 இல் வெளியிட்ட கேசட் பண்பாடு பற்றிய நூல் இப்பின்னணிக்கு இன்றியமையாதது. பக்திப் பாடல் கேசட்டுகளின் பெருக்கத்தில் கீபோர்டும் தபலாவும் ஒரு பாடகரும் போதும் என்ற சிறிய அமைப்பு முன்பே நிலைபெற்றிருந்தது.

சாம்ப்ளருக்கே உரிய அநீதி வேறிடத்தில் இருக்கிறது. வயலின் கலைஞர் ஒருவர் பாடலுக்காக வாசித்தால் அப்பாடலுக்கு அவர் வாசிப்பு கட்டுப்பட்டது. ஒலிமாதிரிக்காக ஒரே ஒரு சுரத்தை இழுத்தால், அச்சுரம் எந்தப் பாடலுக்கும் கட்டுப்படாமல் எல்லாப் பாடலுக்கும் உரியதாகிவிடுகிறது. 1957 இன் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துநர் உரிமை என்ற கருத்தே 1994 இன் திருத்தத்தால்தான் இடம்பெற்றது. உரிமத்தொகையில் பங்கு என்பது 2012 இன் திருத்தம் வரை காத்திருந்தது. வட்டுப் பெட்டிகள் நிரம்பிய காலம் பெரும்பாலும் இவற்றுக்கு முந்தையது. அதற்குப் பிந்தியும், இரண்டு வினாடி நீளமுள்ள ஒற்றைச் சுரம் ‘நிகழ்த்துதல்’ ஆகுமா என்னும் கேள்வி தொழிலாளியின் பக்கம் எளிதில் சாய்வதன்று.

இதன் பின்னர் இயந்திரங்களின் முறை வந்தது. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1993 இல் ஈ-மியூவையும் 1998 இல் என்சோனிக்கையும் வாங்கிக்கொண்டது. அவ்வாண்டிலேயே வெளிவந்த சவுண்ட் பிளாஸ்டர் லைவ் என்னும் கணினி அட்டையில் ஈ-மியூவின் சில்லு இருந்தது. ஒரு காலத்தில் அரங்குகளின் பெருமிதமாக இருந்த தொழில்நுட்பம், லாமிங்டன் சாலையில் கணினி உதிரிபாகம் விற்கும் கடைகளில் அட்டைப்பெட்டிக்குள் கிடைக்கும் பண்டமாயிற்று. அரங்குகளுக்குப் பெரிய சாம்ப்ளர்கள் சுமையாயின. பழைய பொருளாக அவற்றின் விலை சரிந்தது. உலகெங்கும் இது நிகழ்ந்தது. அச்சரிவிலிருந்துதான் புதிய இசைகள் பிறந்தன என்பதையும் கருத வேண்டும். சரண்ஜித் சிங்கின் டிபி-303 உலகச் சந்தையில் தோற்று, பழைய பொருளாக மலிந்த பின்னரே சிகாகோவின் கறுப்பின இளைஞர்கள் அதிலிருந்து ஆசிட் ஹவுஸ் என்னும் வகையைப் படைத்தனர். என்சோனிக்கின் ஏஎஸ்ஆர்-10 (1992) கீபோர்டு ரிஸா, டிம்பலாண்ட், கான்யே வெஸ்ட் ஆகியோரின் ஹிப்ஹாப் இசைக்கு அடித்தளமாக நின்றது.

இவ்வியந்திரங்களைத் தேடி வாங்குவோர் இன்றும் உளர்; ஆய்வுக்காக வாங்க நேரும் மாணவர்களும் இருக்கலாம். தேர்வில் கவனிக்க வேண்டியவை வரலாற்றுச் சான்றுகளாகவும் அமைவதால் சற்று விரிவாகவே சொல்லத்தகும். முதலில் இயந்திரத்தின் பின்புறத் தகட்டைப் படிக்க வேண்டும். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குரியது 100 வோல்ட், அமெரிக்காவுக்குரியது 120 வோல்ட். மும்பையின் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் அன்றோடு முடிந்தது. அத்தகடு மற்றொன்றும் சொல்லும்: அந்த இயந்திரம் எந்த நாட்டின் கடைக்காகச் செய்யப்பட்டது என்பதை. பெட்டிக்குள் உடன்வைத்த மின்மாற்றி இருந்தால் அதுவும் ஒருவர் சுமந்து வந்த பயணத்தின் எச்சம்.

அடுத்தது இயக்க வட்டு. ரோலண்டின் எஸ்-50, என்சோனிக்கின் ஈபிஎஸ் போன்றவை தம் இயக்க நிரலையே வட்டிலிருந்து ஏற்றிக்கொள்பவை. அவ்வட்டு இல்லாத கீபோர்டு விளக்கெரியும் ஊமைப்பலகை. கேசியோ எஃப்இசட்-1 இவ்வகையில் மேலானது. அதன் நிரல் உள்ளேயே இருக்கிறது. ஈபிஎஸ், ஏஎஸ்ஆர்-10 இரண்டும் இயக்கியவுடன் தம் கட்டைகளைத் தாமே அளவுசெய்துகொள்ளும். அவ்வேளையில் ஒரு விரல் பட்டாலும் பிழை காட்டும். இது அறியாதவர் நல்ல கருவியைக் கெட்டது என்று விட்டுவிடுவதும் உண்டு, அறிந்தவர் அதையே சொல்லி விலை குறைப்பதும் உண்டு.

மும்பைக்கே உரிய பகை மழைக்காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான ஈரம் வட்டுகளின் காந்தப்பூச்சில் பூஞ்சையாகப் படரும். பூஞ்சை படிந்த ஒரு வட்டை ஓட்டினால் அது வட்டியக்கியின் தலையை அழுக்காக்கி, அடுத்துச் செருகும் நல்ல வட்டையும் கீறிவிடும். ஆகையால் விற்பவர் தரும் பழைய வட்டை முதலில் போட்டுப் பார்ப்பது தவறு. தூய வெற்று வட்டொன்றைக் கொண்டுசென்று, ஒலிவாங்கியில் ஏதேனும் ஓர் ஒலியைப் பதிந்து, வட்டில் எழுதி, இயந்திரத்தை அணைத்து, மீண்டும் ஏற்றிப் பார்ப்பதே முழுமையான சோதனை. ஒலிநுழைவு, எண்மாற்றம், நினைவகம், வட்டியக்கி, ஒலிவெளியீடு ஐந்தும் இதில் அடங்கிவிடும். பின்னர் ஒவ்வொரு கட்டையையும் மெல்லவும் வன்மையாகவும் அழுத்த வேண்டும். மேடையில் பத்தாண்டு உழைத்த கருவியில் நடுவிலுள்ள இரண்டு ஸ்தாயிகள் தேய்ந்திருக்கும். அரங்கில் நிரலாளரிடம் இருந்ததில் தேய்மானம் பெரும்பாலும் பரவலாக இராமல், தாளம் வாசிக்கும் ஓரிரு கட்டைகளில் குவிந்திருக்கும். கருவியின் முன்வாழ்வை இவ்வளவு நேரடியாகச் சொல்லும் ஆவணம் வேறில்லை. ஒரு மணிநேரமாவது இயங்க விட்டு, சூடேறியபின் மறுபடி சோதிப்பது நலம்.

எதை வாங்குவது என்று கேட்டால், மிராஜ் ஆசைக்கு வாங்குவது. அதன் கரகரப்பான 8-பிட் ஒலி இன்று தனியழகாகப் போற்றப்படினும் அன்றாடப் பயன்பாட்டிற்குத் தொல்லை மிகுந்தது. எஃப்இசட்-1 உறுதியானது, கனமானது. வாசிப்பதற்கும் பதிவதற்கும் ஒருசேர உகந்தவை ஈபிஎஸ் வரிசையும் ஏஎஸ்ஆர்-10 உம்தான். சோனி நிறுவனம் 2011 இல் ஃபிளாப்பி உற்பத்தியை நிறுத்திவிட்டதால், வட்டியக்கியை நீக்கிவிட்டு நினைவுக்குச்சியை ஏற்கும் மாற்றுச் சாதனத்தைப் பொருத்துவது நடைமுறையில் தவிர்க்க இயலாதது. ஆனால் பழைய இயக்கியைத் தூக்கி எறியலாகாது. அதன் காரணம் பின்னர் வரும்.

இத்தகைய கருவியைக் கையாள்வது மேடையில் வேறொரு ஒழுங்கைக் கோரியது. வட்டிலிருந்து ஒலி ஏறப் பல வினாடிகள் ஆகும். ஆகவே அறிவிப்பாளர் அடுத்த பாடலைப் பற்றிப் பேசும் நேரமே வட்டு மாற்றும் நேரம். இடக்கையில் தாளமும் வலக்கையில் வயலினுமாகப் பலகையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். முகப்பு இசையின் தனித்த ஓசை ஒன்றை ஒற்றைக் கட்டையில் ஒளித்துவைத்து உரிய கணத்தில் அழுத்த வேண்டும். திரைப்பாடலின் ஒலி அரங்குகளில் உருவாக்கப்படும் ஒன்றாக மாறிய பின்னர், அதே ஒலி மேடையிலும் வேண்டும் என்று கேட்ட கூட்டத்தின் முன் மெல்லிசைக் குழுக்கள் நின்றன. வயலின் வாசிப்பவரை நான்கு பேராக அமர்த்த வசதியற்ற குழுவுக்குச் சாம்ப்ளர் அளித்தது பறிப்பன்று, நுழைவுரிமை. ஒரே இயந்திரம் தார்தேவில் வேலையைப் பறித்ததும் தாராவியில் வேலையைக் கொடுத்ததும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள். இவற்றுள் முதலாவதைப் பற்றி நூல்கள் உள. இரண்டாவதை எழுதியோர் மிகச் சிலர்.

தாராவியின் பக்கம் எழுதப்படும்போது, தோல் பற்றியும் எழுதியாக வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே தோல் பதனிடும் தொழிலைக் கட்டியெழுப்பியோருள் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து சென்ற தமிழர், சிறப்பாக ஆதிதிராவிடர், முக்கியமானவர்கள். தோலோடு சாதியும் சாதியோடு பறையும் பிணைக்கப்பட்ட ஊர்களிலிருந்து புறப்பட்டவர்கள் அவர்கள். பறையின் ஓரடியை வட்டில் பதிந்து கட்டையில் அமர்த்தும்போது நிகழ்வது என்ன என்பதற்கு ஒற்றை விடை கிடையாது. கட்டாய ஊழியமாக அடிக்கச் சொல்லப்பட்ட கருவியின் ஒலி, அடிப்பவரின் உடலிலிருந்து விடுபடுகிறது என்று ஒருவர் வாதிடலாம். கலைஞரைத் தீண்டாமலேயே அவர் ஒலியை மட்டும் எடுத்துக்கொள்ளும் வசதி என்று மற்றொருவர் வாதிடலாம். திரையிசையில் பறையொலி பெருகிய அளவுக்குப் பறைக்கலைஞரின் பெயர்கள் பெருகவில்லை என்பது இரண்டாவது வாதத்தின் பக்கமே எடையைச் சேர்க்கிறது.

பிந்தைய தலைமுறைக்குச் சாம்ப்ளர் என்னும் பெட்டியே தேவைப்படவில்லை. தாராவியின் ஹிப்ஹாப் இளைஞர்கள் வாயாலேயே தாளமெழுப்பும் பீட்பாக்ஸிங்கையும், கணினியில் செய்த தாளத்துண்டுகளையும் கொண்டு பாடத் தொடங்கினர். தமிழ், இந்தி, மராத்தி எனப் பல மொழிகளில் பாடும் டோப்அடெலிக்ஸ் குழு, பா. ரஞ்சித்தின் ‘காலா’ (2018) படத்திற்காகச் சந்தோஷ் நாராயணனின் இசையில் பங்கேற்றபோது, தாராவியில் வாழும் தமிழரின் குரல் தாராவியைப் பற்றிய தமிழ்ப் படத்தில் தன் பெயரோடு ஒலித்தது. மேடைக் கலைஞர்களின் பக்கத்தில், இந்தியச் சந்தையை முன்னிறுத்தி ரோலண்ட் வெளியிட்ட எக்ஸ்பிஎஸ்-10 போன்ற இலகுவான கீபோர்டுகள் இந்திய ஒலிகளை உள்ளேயே கொண்டு வந்ததோடு, சொந்த ஒலிக்கோப்புகளை நினைவுக்குச்சியிலிருந்து ஏற்றவும் இடம் தந்தன. பழைய கனத்த பெட்டிகள் பரணுக்குச் சென்றன. சில உதிரிபாகங்களாகப் பிரிந்தன.

எஞ்சியிருப்பவை வட்டுகள். அவற்றை ஆவணமாகக் கொள்வதில் ஒரு தொழில்நுட்பத் தடை உண்டு. மிராஜ் தன் வட்டில் எழுதும் முறை கணினிகளின் முறையன்று; ஒரு வட்டுக்கு ஏறத்தாழ 440 கிலோபைட்டே கொள்ளும் தனி அமைப்பு அது. ஈபிஎஸ்ஸின் முறை இன்னொன்று. இன்றைய யுஎஸ்பி வட்டியக்கியில் செருகினால் ‘வட்டு வெற்று, வடிவமைக்கவா?’ என்றே கணினி கேட்கும். ‘ஆம்’ என்று அழுத்தியவர் ஒரு காப்பகத்தை அழித்தவராவார். காந்த அலைவுகளையே அப்படியே படித்தெடுக்கும் கிரீஸ்வீசல், கிரையோஃபிளக்ஸ் போன்ற சாதனங்களும், ஒழுங்காக ஓடும் பழைய வட்டியக்கி ஒன்றும் இருந்தால் அவ்வொலிகள் மீளும். இயந்திரத்திலிருந்து கழற்றிய இயக்கியை எறியலாகாது என்றதன் காரணம் இதுவே. படிப்பதற்கு முன் வட்டின் மேலொட்டிய தாளை ஒளிப்படமெடுத்து வைக்க வேண்டும். ஒலிக்கோப்பில் இராத செய்தி அதில் இருக்கும்: பாடலின் பெயர், படத்தின் பெயர், சுருதி எத்தனை கட்டை, சில வேளைகளில் வாசித்தவரின் முதலெழுத்து.